நாயின் மூக்கு வெளுத்தால் எங்கே போவது, எதை வாங்குவது: ஒரு தோல் கிளினிக், சில கடைச் சரக்குகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாயின் மூக்கிலோ உதட்டிலோ கறுப்பு போய் ரோஸ் நிறம் தெரிய ஆரம்பித்தால், தோல் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவருக்குத்தான் முதலில் காசு செலவழிக்க வேண்டும். எண்ணெய், டானிக், பவுடர், மூக்குக்குத் தடவும் பாம் எல்லாம் அதற்கு அப்புறம்தான், பல நாய்களுக்கு அவை தேவையே படாது. இதை எழுதுவது ஒரு கிளினிக்கைப் பாராட்ட மட்டும் இல்லை (பெயரை எழுதவில்லை, குறையும் கொஞ்சம் சொல்லப் போகிறேன்). நிறம் போவதற்குப் பின்னால் ஒன்றல்ல, பல காரணங்கள் இருக்கின்றன, அதில் சில ஒன்றுமே செய்யாது, சில கண்ணையோ உயிரையோ எடுத்துவிடும். இந்த வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்லும் பரிசோதனை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தால், எந்த ஊரில் இருந்தாலும் அதைக் கேட்டு வாங்கலாம்.

எங்கள் பைரவி ராட்வீலர், பெண், இரண்டு வயதைத் தாண்டியவள். உதட்டோரம் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியில் ஆரம்பித்தது. மூக்கின் ஓரத்தில் ஒன்று, அப்புறம் மூக்குக்கும் வாய்க்கும் நடுவே உள்ள முடியிலும் வெள்ளை. சாப்பாடு, ஓட்டம், குரைப்பு எதிலும் மாற்றம் இல்லை. தெருவில்தான் மாற்றம் வந்தது. "இது ஒட்டிக்கும்ல, பிள்ளைங்களைத் தொட விடாதீங்க" என்று ஒருவர் சொன்னார், அடுத்த வாரமே பக்கத்து வீட்டுப் பையன் மதில் பக்கம் வருவதை நிறுத்தினான். மனிதர்களில் வெண்புள்ளி வந்தவர்களிடம் நம்மூர் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியும், அதே பார்வை ஒரு நாயின் மேலும் விழுந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வெண்புள்ளி மனிதரிலும் ஒட்டாது, நாயிலும் ஒட்டாது. நாயிடமிருந்து மனிதருக்கு ஒட்டுவது படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்று, அதில் முடி வட்டமாகக் கொட்டும், செதில் உதிரும். அது வேறு, இது வேறு.

சரி, கிளினிக்குக்கு வருகிறேன்.

எனக்குப் பிடித்த முதல் விஷயம், டாக்டர் மூக்கைப் பார்ப்பதற்கு முன்னால் கேள்வி கேட்டார். எந்த வயதில் ஆரம்பித்தது, மழைக்காலத்தில் குறைந்து வெயிலில் கூடுகிறதா, எந்தத் தட்டில் சாப்பிடுகிறாள், எதையாவது தடவினீர்களா, கூடப் பிறந்த குட்டிகளுக்கு இப்படி உண்டா, கண்ணில் நீர் வடிகிறதா, வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணைச் சுருக்குகிறாளா. இதற்கே நல்ல நேரம் எடுத்தார். பின்னால் யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு கேள்வியும் ஒரு நோயை உள்ளே கொண்டுவரவோ வெளியே தள்ளவோ கேட்டது.

அப்புறம் மூக்கின் மேற்பரப்பு. நல்ல ஆரோக்கியமான நாயின் மூக்கைக் கிட்டப் போய்ப் பாருங்கள், பலாப்பழத் தோலைச் சின்னதாக்கியது போல முண்டு முண்டாக இருக்கும். நிறம் போயும் அந்த முண்டுகள் அப்படியே இருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. நிறமும் போய், முண்டுகளும் மறைந்து மூக்கு வழவழப்பாகி, பொருக்கு கட்டி, புண் வந்து, ரத்தம் கசிந்தால் அது உடலின் எதிர்ப்பு சக்தியே தோலைத் தாக்கும் நோயாக இருக்கலாம். அப்படி நாயின் மூக்கில் அடிக்கடி பார்ப்பது டிஸ்காயிட் லூபஸ். ஜெர்மன் ஷெப்பர்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த இனத்தில் அடிக்கடி வருவது, வெயில் பட்டால் கூடும். இந்த ஒரு அடையாளத்தை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் பாதி ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும். ஒரு டார்ச்சும் நல்ல கண்ணும் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். ஆனால் மூக்கில் மஞ்சளையோ எண்ணெயையோ பூசிக்கொண்டு போனால் டாக்டராலும் பார்க்க முடியாது. கிளினிக்குக்குப் போகும் முன் எதையும் தடவாதீர்கள்.

மூன்றாவதாக அவர் கண்ணைப் பார்த்தார். மூக்குக்காக வந்தோம், கண்ணில் லைட் அடிக்கிறாரே என்று இருந்தது. காரணத்தைச் சொன்னதும் புரிந்தது. நிறமி அணுக்கள் தோலில் மட்டும் இல்லை, கண்ணுக்குள்ளும் இருக்கின்றன. எதிர்ப்பு சக்தி அந்த அணுக்களையே குறிவைக்கும் ஒரு நோய் உண்டு, மனிதர்களில் அதற்கு வோக்ட், கோயனாகி, ஹரடா என்று மூன்று மருத்துவர்களின் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நாயிலும் அதே போன்ற ஒன்று வரும், அகிட்டாவில் அதிகம், சைபீரியன் ஹஸ்கி, சமோயிட் இனங்களிலும் வரும். பெரும்பாலும் கண் முதலில் சிவக்கும், வலிக்கும், கலங்கும், பிறகுதான் மூக்கும் உதடும் இமையும் வெளுக்கும். சிகிச்சை தாமதமானால் பார்வை போய்விடும். நம்மூர் வெயிலில் ஹஸ்கி வளர்ப்பது சரியா என்பது தனிச் சண்டை, ஆனால் வளர்ப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உங்கள் ஹஸ்கியின் கண் சிவந்து மூக்கும் வெளுக்கிறது என்றால் இதைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம், இன்றைக்கே கிளம்புங்கள். நிறம் போன நாயின் கண்ணைப் பார்க்காமல் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பும் இடத்துக்கு நான் இரண்டாம் முறை போக மாட்டேன்.

பைரவியின் உதட்டோரத்தில் லேசாகப் பொருக்கு இருந்தது. அதிலிருந்து ஒரு கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுத்து, அங்கேயே சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பாக்டீரியா. உதடும் தோலும் சேரும் இடத்தில் வரும் பாக்டீரியாத் தொற்று, பார்ப்பதற்கு லூபஸ் மாதிரியே இருக்குமாம், அதனாலும் நிறம் போகுமாம். அதனால் முதலில் அதற்கு மருந்து, பொருக்கு போகட்டும், அதற்குப் பிறகும் வெள்ளை மிச்சம் இருந்தால் பயாப்ஸி என்றார். எடுத்தவுடன் பெரிய செலவில் இறக்காமல் படிப்படியாகப் போன இந்த முறைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். பொருக்கு போனது. வெள்ளை போகவில்லை, கொஞ்சம் பரவவும் செய்தது.

பயாப்ஸி பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். முன்னதாக ரத்தப் பரிசோதனை, அப்புறம் மயக்க மருந்து, வட்டமான ஒரு சின்னக் கத்தியால் சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோல் எடுத்து, ஒன்றிரண்டு தையல் போட்டு, எடுத்ததை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு லேபுக்கு. எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முழுக்க வெளுத்துப் போன இடத்திலோ புண்ணின் நடுவிலோ எடுத்தால் நோய் தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும், ஒன்றும் தெரியாது. கறுப்பு சாம்பலாக மாறிக்கொண்டிருக்கும் ஓரத்தில் எடுத்தால்தான் அங்கே நடப்பது பிடிபடும். இன்னொன்று, அதற்கு முன்னால் ஸ்டீராய்டு களிம்போ மாத்திரையோ கொடுத்திருந்தால் ரிப்போர்ட் குழம்பிவிடும், சில வாரம் நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கிடைக்கும், ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்த மனிதர்களுக்கான க்ரீமை நாய்க்குத் தடவும் பழக்கம் நம்மிடம் நிறைய. அது தோலை மெலிய வைக்கும், நோயை மறைக்கும், டாக்டரின் வேலையையும் கெடுக்கும்.

ரிப்போர்ட்டில் வந்தது விட்டிலிகோ, அதாவது வெண்புள்ளி. நிறமி அணுக்கள் அந்த இடத்தில் இல்லை, லூபஸில் இருக்கும் அழற்சி இல்லை, புற்று அணுக்கள் இல்லை. ராட்வீலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு, பெல்ஜியன் டெர்வூரன் போன்ற இனங்களில் இது மற்றவற்றைவிட அதிகம், பெரும்பாலும் இளம் வயதில் ஆரம்பிக்கும், மூக்கு, உதடு, வாய்க்குள், இமை, சில சமயம் பாதத்தின் அடிப்பகுதி, நகம் வரை வெளுக்கும். வலி இல்லை, அரிப்பு இல்லை. சில நாய்களில் நிறம் தானாகத் திரும்பி வரும், சிலவற்றில் வராது. நிறத்தைத் திரும்பக் கொண்டுவரும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மருந்து கிடையாது, மருந்து தேவையும் இல்லை. இதையே டாக்டர் நேராகச் சொன்னார், ஒரு பாட்டில்கூட எழுதவில்லை. அந்த நேர்மை எனக்குப் பெரிய நிம்மதி.

கிளினிக்கில் குறையும் உண்டு. காத்திருக்கும் இடம் சின்னது, பூனைக்கும் நாய்க்கும் தனித்தனி இடம் இல்லை, தரை வழுக்குகிறது, பெரிய நாய்கள் காலை ஊன்ற முடியாமல் தவிக்கின்றன. ரிப்போர்ட் சொன்ன தேதியில் வரவில்லை, நாமே போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. ஆரம்பப் பரிசோதனை, ரத்தம், மயக்கம், பயாப்ஸி, லேப் என்று எல்லாம் சேர்ந்து 10,000 ரூபாயை ஒட்டி வந்தது, இதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அந்தத் தொகை எல்லோராலும் முடியாது என்று தெரியும். வேப்பேரியில் 1903 முதல் நடக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகள் என்று அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன, திசுவைப் பார்க்கும் நோய்க்கூறியல் துறையும் அங்கேயே உண்டு. பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் அங்கே விசாரியுங்கள்.

இனி கடைச் சரக்குகள். செல்லப்பிராணிக் கடைத் தம்பி பைரவியைப் பார்த்ததும், "இது சத்துக் குறைச்சல்தான்க்கா, இந்தப் பவுடரைப் போட்டா ஒரே மாசத்துல கறுத்துடும்" என்றார். கடல்பாசிப் பவுடர், நிறத்தைக் கூட்டும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். கறுப்பு நிறமியான மெலனின், டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது, அதைச் செய்யும் நொதிக்குத் தாமிரம் தேவை, இது உண்மை. ஆனால் ஒழுங்காகச் சத்துள்ள சாப்பாடு சாப்பிடும் நாய்க்கு இந்த இரண்டும் குறைவது அரிது. அதோடு விட்டிலிகோவில் நிறமி செய்யும் அணுவே அந்த இடத்தில் இல்லை, மூலப்பொருளைக் கூட்டி என்ன ஆகப்போகிறது? கடல்பாசியில் அயோடின் அதிகம், அளவு மீறினால் தைராய்டைப் பாதிக்கும். இந்தப் பவுடருக்கு என் மதிப்பெண் பூஜ்யம்.

மூக்கு பாம் வேறு கதை. தேனீ மெழுகு, ஷியா வெண்ணெய், தேங்காய் எண்ணெய் கலந்த சின்ன டப்பா. வயதான நாய்களுக்கு மூக்கு காய்ந்து வெடித்துத் தடித்துப்போகும், அதற்கு நல்லது, மெத்தென்று ஆக்கும். நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிறம் என்று சொல்லி விற்காமல் வறட்சி என்று சொல்லி விற்றால் ஐந்துக்கு நான்கு தருவேன்.

மீன் எண்ணெய் மாத்திரை தோலுக்குப் பொதுவாக நல்லது, முடி பளபளக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

சன்ஸ்கிரீன் பற்றிக் கவனமாக எழுத வேண்டும். மெலனின் தோலை வெயிலிலிருந்து காக்கிறது, அது போன இடம் சுலபமாகக் கன்றும், வருஷக்கணக்கில் கன்றிக்கொண்டே இருந்தால் தோல் புற்றுநோய்க்கும் வாய்ப்பு உண்டு. அதனால் பாதுகாப்பு தேவைதான். ஆனால் நாம் முகத்தில் பூசும் க்ரீம்களில் பலவற்றில் ஜிங்க் ஆக்சைடு இருக்கிறது, சிலவற்றில் சாலிசிலேட் வகை இருக்கிறது. நாய் நக்கி விழுங்கும். துத்தநாகம் உள்ளே அதிகம் போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், சாலிசிலேட் ஆஸ்பிரின் குடும்பம், வயிற்றுக்கு ஆகாது. நாய்க்கென்றே வருவதை வாங்கினாலும் பின்னால் திருப்பி இந்த இரண்டும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் வாங்கியதில் இரண்டும் இல்லை, ஆனால் விலை அதிகம், பைரவி தடவிய கையோடு நாக்கை நீட்டி வழித்துவிடுகிறாள். தடவிவிட்டுப் பத்து நிமிஷம் பந்து விளையாடினால் கொஞ்சம் ஒட்டுகிறது. ஐந்துக்கு இரண்டரை. அதைவிட நடையை விடியற்காலைக்கும் சூரியன் இறங்கிய பிறகும் மாற்றியதுதான் முழுப் பலன், காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை அவள் வேப்பமர நிழலிலோ வீட்டுக்குள்ளோதான்.

பிளாஸ்டிக் கிண்ணத்தை மாற்றச் சொன்னார்கள். சில பிளாஸ்டிக், ரப்பர் பொருட்களில் உள்ள ரசாயனம் படும் இடத்தில் நிறத்தை எடுத்துவிடும் என்று ஒரு கருத்து வெகுகாலமாக இருக்கிறது, மருத்துவர்களுக்குள்ளேயே இதில் ஒத்த அபிப்பிராயம் இல்லை. எவர்சில்வர் தட்டு இல்லாத தமிழ் வீடு ஏது, மாற்றிவிடுங்கள், அதற்காகத் தனியாகச் செலவு தேவையில்லை.

நாட்டு மருந்து சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெண்புள்ளிக்குக் கார்போகரிசி என்பது மனிதர் வைத்தியத்தில் பழையது. அதில் உள்ள சோராலென் என்ற பொருள் தோலை வெயில் தாங்காததாக ஆக்கும், அளவு தப்பினால் மனிதர் தோலே கொப்பளிக்கும். நாய்க்கு அரைத்துப் பூசி வெயிலில் கட்டிப்போடுவது கொடுமை, தயவுசெய்து வேண்டாம். வேப்பெண்ணெயும் நக்கினால் வாந்தி வரும்.

டாக்ரோலிமஸ் களிம்பை இணையத்தில் பார்த்துவிட்டுத் தாங்களே வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அது லூபஸுக்கு நல்ல மருந்து, 0.1 சதவீதக் களிம்பைத்தான் பெரும்பாலும் தருகிறார்கள், தடவுபவர் கையுறை போட வேண்டும், மாற்றம் தெரிய வாரக்கணக்கில் ஆகும். விட்டிலிகோ என்று உறுதியானபின் எங்களுக்கு அது தேவைப்படவில்லை. எந்த நோய் என்று தெரியாமல் அதைத் தொடாதீர்கள், ஏனென்றால் வயதான நாய்களில் உதடும் மூக்கும் வெளுத்துச் சிவந்து செதில் உதிர்ந்தால் அது தோலில் வரும் லிம்ஃபோமா என்ற புற்றாகவும் இருக்கலாம், களிம்பு தடவிக்கொண்டே மாதங்களைக் கடத்திவிடுவோம்.

எல்லா நாய்க்கும் இந்தக் கிளினிக் தேவையில்லை. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி நாய்களில் மூக்கின் நடுப்பகுதி குளிர் மாதங்களில் வெளுத்துக் கோடையில் கறுக்கும், முண்டுகள் அப்படியே இருக்கும், நாய்க்கு ஒன்றும் செய்யாது. வயதாகி முகமுடி நரைப்பதும் நோய் இல்லை. கிளினிக்கில் ஒரு பெரியவர் ராஜபாளையம் நாயைக் கூட்டி வந்திருந்தார், பக்கத்தில் இருந்தவர் அதன் ரோஸ் மூக்கைக் காட்டி "இதுக்கும் அதேதானா?" என்று கேட்டார். இல்லை. 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலையில் இடம்பிடித்த நம் ராஜபாளையத்துக்கு அந்த மூக்கு பிறவிச் சொத்து, போன நிறம் இல்லை, இனத்தின் நிறமே அதுதான். அதில் கவனிக்க வேண்டியது காது. உள்காதிலும் நிறமி அணுக்களுக்கு வேலை இருக்கிறது, அவை இல்லாமல் பிறக்கும் வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குக் காது கேட்காது, ராஜபாளையத்தில் இது உண்டு. குட்டி வாங்கும்போது அது பார்க்காத பக்கமிருந்து கை தட்டிப் பாருங்கள். வெயில் விஷயத்தில் மட்டும் ராஜபாளையத்துக்கும் பைரவிக்கும் ஒரே விதிதான், மதிய வெயில் ஆகாது.

டாக்டர் கடைசியாகச் செய்யச் சொன்னது செலவே இல்லாதது. மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், மூக்கு நேராக ஒன்று, உதட்டின் இரு பக்கமும் ஒவ்வொன்று, கண் ஒன்று என்று போட்டோ எடுத்து வைக்க வேண்டும். நிறம் இன்னும் போனால் பரவாயில்லை. புண், பொருக்கு, ரத்தம், வழவழப்பு, கண் சிவப்பு, இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் வர வேண்டும். கிளினிக்குக்கு மொத்தத்தில் ஐந்துக்கு நான்கரை, அந்த அரை மதிப்பெண்ணை வழுக்கும் தரைக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையனிடம் ரிப்போர்ட்டைக் காட்டி அவன் அம்மாவுக்கும் விளக்கிச் சொன்னேன், இப்போது சாயங்கால நடைக்கு அவனும் வருகிறான்.